வண்டல் கட்டிய நாடு: வங்கதேசத்தின் வெள்ள வரலாறு

இமயமலைச் சரிவுகளிலும் திபெத்தியப் பீடபூமியிலும் மேகாலயக் குன்றுகளிலும் பெய்யும் மழையும் உருகும் பனியும் கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா என்னும் மூன்று ஆறுகளின் வழியே வந்து கடலைச் சேரும் கழிமுகத்தில் அமைந்திருக்கிறது வங்கதேசம். இம்மூன்று ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பு, அதாவது எந்த நிலத்தில் விழும் மழையெல்லாம் வழிந்து இறுதியில் இவ்வாறுகளில் சேர்கிறதோ அந்த மொத்த நிலப்பரப்பு, ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியா, சீனா, நேபாளம், பூடான், வங்கதேசம் ஆகிய ஐந்து நாடுகளில் பரவிக்கிடக்கும் அந்தப் பரப்பில் வங்கதேசத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அத்தனை நீரும் கடலுக்குப் போகும் வாயில் இந்த ஒரு நாட்டில்தான் இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 12 மீட்டர் உயரத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதாலும், ஆண்டு மழையில் ஐந்தில் நான்கு பங்கு ஜூன் முதல் அக்டோபர் வரையிலான சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ப்பதாலும், வெள்ளம் இங்கே எப்போதேனும் நேரும் விபத்தாக இல்லாமல் பருவங்களில் ஒன்றாகவே இருந்துவருகிறது.

இந்த ஆறுகள் நீரோடு மண்ணையும் சுமந்து வருகின்றன. அவை ஆண்டுதோறும் கொண்டுவரும் வண்டலின் அளவு நூறு கோடி டன் என்று நெடுங்காலமாகக் கணக்கிடப்பட்டு வந்தது. அண்மைய மதிப்பீடுகள் அதைவிடக் குறைவாக இருப்பினும், உலகின் மிகப் பெரிய வண்டல் ஓட்டங்களுள் இதுவும் ஒன்று என்பதில் மாற்றுக் கருத்தில்லை. கடைசிப் பனியூழி முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபின், கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் படிந்த இந்த வண்டலே இன்றைய வங்கதேசத்தின் பெரும்பகுதி நிலம். கழிமுக மண் தன் எடையாலேயே இறுகி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தாழ்ந்துகொண்டிருக்கும். அந்தத் தாழ்வை ஈடுசெய்வது வெள்ளம் பரப்பிவிட்டுப் போகும் புதிய மண். ஆகவே இந்த நாட்டில் வெள்ளம் நிலத்தை அழிக்கும் ஆற்றலாக மட்டுமன்றி, நிலத்தை நிலமாகவே வைத்திருக்கும் ஆற்றலாகவும் இருக்கிறது. வங்கதேச வெள்ளங்களின் வரலாற்றை ஆராயும் எவரும் இந்த இரட்டைத் தன்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்; ஏனெனில், அந்நாடு சந்தித்த பேரழிவுகள் பலவற்றில், இறந்தோரின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது நீரின் உயரத்தைவிட, அந்த நீரை மனிதர் எதிர்கொண்ட விதமே.

நான்கு வகை வெள்ளங்கள்

வங்கதேசத்தில் வெள்ளம் நான்கு வெவ்வேறு வழிகளில் வருகிறது. முதலாவது ஆற்றுவெள்ளம். பிரம்மபுத்திராவின் நீர்வரத்து பொதுவாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் கங்கையின் நீர்வரத்து ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலும் உச்சத்தை எட்டும். இரண்டு உச்சங்களுக்கும் இடைவெளி இருக்கும் ஆண்டுகளில் ஒன்று வடிந்தபின் மற்றொன்று வருவதால் வெள்ளம் நாட்டின் நான்கில் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டால், இரு ஆறுகளின் கூடுதுறைக்குக் கீழே நீர் வழியின்றித் தேங்கிப் பின்னோக்கி எதிர்த்து ஏறும். அந்த நேரத்தில் பௌர்ணமியோ அமாவாசையோ வந்து கடலில் பேரோதம் எழுமானால், அதாவது கடல்நீர் வழக்கத்தைவிட உயர்ந்து ஆற்றுவாயை அடைத்துக்கொள்ளுமானால், வடிவது மேலும் தாமதமாகும்.

இரண்டாவது திடீர் வெள்ளம். நாட்டின் வடகிழக்கிலுள்ள சில்ஹெட் படுகைக்கு நேர் வடக்கே, உலகில் மிக அதிக மழை பெறும் இடங்களான சிரபுஞ்சியும் மௌசின்ராமும் மேகாலயக் குன்றுகளின் விளிம்பில் இருக்கின்றன. அங்கே பெய்யும் மழை சில மணி நேரத்தில் குன்றிறங்கி, ஹாவோர் எனப்படும் கிண்ண வடிவத் தாழ்நிலங்களை நிரப்பிவிடும். 2022 ஜூன் மாதம் சிரபுஞ்சியில் ஒரே நாளில் 970 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானபோது சில்ஹெட், சுனாம்கஞ்ச் மாவட்டங்களின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மூன்றாவது, உள்ளூரில் பெய்யும் கனமழை, ஆறுகள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் வடிய இடமின்றித் தேங்கி உண்டாக்கும் மழைவெள்ளம். நான்காவது, இவை அனைத்திலும் கொடியதாகிய புயல் அலையேற்றம்: புயலின் காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுவதால், ஆழம் குறைந்த கடலில் நீர் உயர்ந்தெழுந்து நிலத்துக்குள் பாய்வது. வங்காள விரிகுடா வடக்கே போகப்போகக் குறுகி ஒரு புனலின் வாயைப் போல் ஒடுங்குவதாலும், கழிமுகத்தின் முன் கடல் நெடுந்தொலைவு ஆழமின்றி இருப்பதாலும், தள்ளப்படும் நீருக்கு மேலெழுவதைத் தவிர வேறு வழியில்லை.

நீரோடு வளரும் நெல்

ஆண்டுதோறும் வரும் மிதமான வெள்ளத்தோடு ஒத்து வாழும் வேளாண்மையை வங்கத்து உழவர்கள் பல நூற்றாண்டுகளாக வளர்த்தெடுத்தனர். வீடுகள் குளம் வெட்டிய மண்ணால் உயர்த்திய மேடைகளில் கட்டப்பட்டன. சணல் நீர் ஏறுமுன் உயர்ந்து நிற்கும் பயிராகவும், அறுத்தபின் அதே நீரில் ஊறவைத்து நார் உரிக்கும் பயிராகவும் அமைந்தது. இவற்றுள் மிகவும் வியப்புக்குரியது ஆழ்நீர் நெல். வைகாசிக்கு முன்பே விதைக்கப்படும் இந்நெல், வெள்ளம் ஏற ஏறத் தானும் வளர்ந்து, ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேலும் நீளக்கூடியது. தண்டு ஐந்து மீட்டரைத் தாண்டினாலும் நுனி இலைகள் நீர்ப்பரப்புக்கு மேலேயே நிற்கும். நீர் வடிந்ததும் நீண்ட தண்டு தரையில் சாய்ந்துவிட, அதன் நுனி மட்டும் முழங்கால் மடித்தது போல் வளைந்து நிமிர்ந்து கதிர்விடும்.

இந்த வளர்ச்சிக்குக் காரணமான வழிமுறை அண்மையில்தான் விளங்கியது. செடிகள் எத்திலீன் என்னும் வாயுவை இயல்பாகவே உண்டாக்குகின்றன. காற்றில் அது சிதறிப் போய்விடும், ஆனால் நீரில் மெதுவாகவே பரவுவதால் மூழ்கிய தண்டுக்குள் சேர்ந்துவிடுகிறது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வங்கதேசத்தைச் சேர்ந்த ஆழ்நீர் நெல் வகை ஒன்றில் ஸ்நோர்க்கல்-1, ஸ்நோர்க்கல்-2 என்று பெயரிட்ட இரண்டு மரபணுக்களைக் கண்டறிந்தனர். சேரும் எத்திலீன் இம்மரபணுக்களைத் தூண்டிவிட, தண்டின் கணுவிடைகளை நீளச்செய்யும் ஜிப்ரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கி செயற்படத் தொடங்குகிறது. இதற்கு நேர்மாறான உத்தி ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து கிடைத்தது: 2006-இல் பிரித்தறியப்பட்ட சப்-1ஏ என்னும் மரபணு, மூழ்கிய பயிரை வளரவிடாமல் நிறுத்தி, சேமிப்பைச் செலவழிக்காமல் இரண்டு வாரங்கள் வரை உயிரோடு வைத்திருக்கிறது. வேகமாக ஏறி வேகமாக வடியும் வெள்ளத்துக்கு இதுவே ஏற்றது என்பதால், இம்மரபணுவைக் கொண்ட பிரி தான் 51, பிரி தான் 52 என்னும் இரகங்கள் 2010 முதல் வங்கதேச உழவர்களுக்கு வழங்கப்பட்டுவருகின்றன. மெல்ல ஏறி நெடுநாள் நிற்கும் நீருக்கு ஒரு விடையும், சட்டென ஏறி வடியும் நீருக்கு வேறொரு விடையுமாக, வெள்ளத்தின் வகைகளைப் பயிர்களே பிரித்தறிந்து வைத்திருக்கின்றன.

இடம் மாறிய பேராறு

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் ரென்னல் வங்கத்தை அளந்து வரைந்த நிலப்படங்களில் பிரம்மபுத்திரா மதுபூர் மேட்டுநிலத்துக்குக் கிழக்கே, மைமன்சிங் வழியாக ஓடுகிறது. இன்று அவ்வழியில் இருப்பது பழைய பிரம்மபுத்திரா என்னும் சிற்றாறு மட்டுமே. முதன்மை ஓட்டம் மேற்கே பல கிலோமீட்டர் தள்ளி, ஜமுனா என்ற பெயரில் ஓடுகிறது. 1787-இல் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் தீஸ்தா ஆறு கங்கையோடு சேர்ந்திருந்த தன் பழைய பாதையை விட்டுப் பிரம்மபுத்திராவில் வந்து கலந்ததும், மதுபூர் நிலம் மெல்ல உயர்ந்துவந்ததும், ஆற்றின் படுகை வண்டலால் மேடேறியதும் சேர்ந்து இந்த மாற்றத்தை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று நிலவியலாளர் கருதுகின்றனர். 1830 வாக்கில் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பல கிளைகளாகப் பின்னிப் பிரிந்து, இடையிடையே சார் எனப்படும் மணல்திட்டுகளை உண்டாக்கியும் கரைத்தும் செல்லும் ஜமுனா, மழைக்காலத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் அகலம் கொண்டது. கரைகளையே நிலையாக வைத்திராத ஓர் ஆற்றை நிலையான கரைகட்டி அடக்குவது எவ்வளவு கடினம் என்பதை இந்த வரலாறு உணர்த்துகிறது.

பிரித்தானியர் ஆட்சியில் போடப்பட்ட இருப்புப்பாதைகளும் சாலைகளும், வெள்ளத்துக்கு மேல் நிற்கும்படி உயர்ந்த மண்மேடுகளின்மீது, பெரும்பாலும் நீர் வழியும் திசைக்குக் குறுக்காகவே அமைந்தன. 1922-இல் வடவங்கத்தில் ராஜ்ஷாகி, போக்ரா பகுதிகளைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, நீர் வடியாமல் நின்றதற்கு இருப்புப்பாதை மேடுகளில் போதிய கண்வாய்கள் இல்லாததே காரணம் என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் தலைமையில் மாபெரும் மக்கள் நிவாரணப் பணி நடைபெற்றது. அந்த வெள்ளத்தைத் தொடர்ந்து ஆய்வை மேற்கொண்ட புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1870 முதல் 1922 வரையிலான மழை, வெள்ளப் பதிவுகளைப் பகுத்தாய்ந்து 1927-இல் அறிக்கை அளித்தார். அப்போது முன்வைக்கப்பட்டிருந்த, வெள்ளநீரைத் தேக்கி நிறுத்தும் செலவுமிக்க தேக்கங்கள் பயன் தரா என்றும், நீர் விரைந்து வடிய வழிசெய்வதே தேவை என்றும் அவர் காட்டினார். எண்களின் துணையோடு வெள்ளத்தை ஆராய்ந்த இந்த முன்னோடிப் பணி, வடிகாலே பாதுகாப்பு என்ற கருத்தை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே நிலைநாட்டியது. பின்வந்த திட்டங்கள் அதை மறந்ததன் விலை பெரிது.

கடலிலிருந்து வந்த வெள்ளம்

ஆற்றுவெள்ளம் வாழ்வாதாரத்தை அழித்தது என்றால், புயல் அலையேற்றம் ஊர்களையே அழித்தது. 1876 அக்டோபர் இறுதியில் பக்கர்கஞ்ச் மாவட்டத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அதற்கிணையான எண்ணிக்கையினர் பின்வந்த காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர் என்றும் மதிப்பிடப்படுகிறது. 1970 நவம்பர் 12 இரவில் போலா தீவையும் அதைச் சூழ்ந்த கழிமுகத் திட்டுகளையும் தாக்கிய புயல், பதிவான புயல்களுள் மிக அதிக உயிர்களைக் கவர்ந்தது. இறந்தோர் தொகை 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்று கருதப்படுகிறது. கடலில் உயர் ஓதம் எழுந்த வேளையும் புயல் கரைசேர்ந்த வேளையும் ஒன்றாயின. நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த மக்களுக்கு ஏறுவதற்கு மரங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. தஜுமுதீன் என்ற காவல்சரகத்தின் மக்கள்தொகையில் பாதிக்கு நெருங்கியோர் அந்த ஓரிரவில் மாண்டனர். புயல் வருவது வானிலைத் துறைக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்தச் செய்தி தீவுகளில் வாழ்ந்தவர்களைப் பொருள்படும் வகையில் சென்றடையவில்லை, சென்றடைந்திருந்தாலும் ஒதுங்குவதற்கு இடமில்லை. மேற்குப் பாகிஸ்தானில் இருந்த ஆட்சி நிவாரணத்தில் காட்டிய மெத்தனம் கிழக்கு வங்க மக்களின் சினத்தைக் கூட்டியது. அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் அவாமி லீக் கட்சி, அன்று கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட இந்நிலத்தின் இடங்களில் ஏறத்தாழ அனைத்தையும் வென்றது. அடுத்த ஆண்டில் வங்கதேசம் பிறந்தது.

புதிய நாடு முதலில் செய்தவற்றுள் ஒன்று, 1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்கு ஊர் தன்னார்வலர்களைத் தேர்ந்து, எச்சரிக்கைக் கொடி, ஒலிபெருக்கி, கைச் சைரன், வானொலி ஆகியவற்றை அவர்களிடம் ஒப்படைத்து, கடைசி வீடு வரை செய்தியைக் கொண்டுபோவதை அவர்களின் பொறுப்பாக்கியது அத்திட்டம். கால்நடைகளை விட்டுவர மனமின்றி மக்கள் வீட்டிலேயே தங்கிவிடுவதைக் கண்டறிந்து, மாடுகளும் ஏறி நிற்கத்தக்க உயர்ந்த மண்மேடுகளும் எழுப்பப்பட்டன. 1991 ஏப்ரல் 29 இரவில் சிட்டகாங் கடற்கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தது, புகலிடங்களின் எண்ணிக்கை தேவைக்கு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டியது. அதன்பின் ஆயிரக்கணக்கில் புகலிடக் கட்டடங்கள், பல இடங்களில் பள்ளிகளாகவும் பயன்படும் வகையில், கட்டப்பட்டன. 2007-இல் வந்த சிதர் புயல் 1970 புயலுக்கு ஆற்றலில் குறைந்ததன்று. இறந்தோர் 3,400 பேருக்குச் சற்று மேல். 2020-இல் உம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டனர். வங்கதேசத்தில் இறந்தோர் சில பத்துகளுக்குள் அடங்கினர். ஐம்பதாண்டுகளில் லட்சங்கள் பத்துகளாகச் சுருங்கியதில், இன்று 76,000 பேராக வளர்ந்துள்ள தன்னார்வலர் படையின் பங்கு மகத்தானது.

கரைகளுக்குள் தாழ்ந்த நிலம்

1954, 1955 ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களுக்குப் பின் ஐக்கிய நாடுகள் அவை அனுப்பிய க்ரூக் குழு 1957-இல் அறிக்கை அளிக்க, அதன் அடிப்படையில் 1959-இல் நீர், மின்சாரத்துக்கான தனி அமைப்பு உருவாகி, 1964-இல் நாடு தழுவிய பெருந்திட்டம் தீட்டப்பட்டது. அக்காலத்தின் முதன்மையான பணி கடலோரக் கரைத் திட்டம். நெதர்லாந்தின் முறையைப் பின்பற்றி, ஓத ஆறுகளால் சூழப்பட்ட ஒவ்வொரு தீவுநிலத்தையும் சுற்றி மண்கரை எழுப்பி, மழைநீர் வடிய மதகுகள் வைக்கப்பட்டன. போல்டர் எனப்படும் இத்தகைய கரைசூழ் நிலங்கள் காலப்போக்கில் 139 ஆயின. அவற்றின் கரைகளின் மொத்த நீளம் 5,000 கிலோமீட்டரைத் தாண்டியது. உப்புநீர் உள்ளே வராததால் முதல் இருபதாண்டுகள் நெல் விளைச்சல் பெருகியது. திட்டம் வெற்றி பெற்றதாகவே தோன்றியது.

ஆனால் கரை உப்புநீரோடு வண்டலையும் தடுத்துவிட்டது. முன்பு ஓதம் ஏறும்போது நிலத்தில் பரவிப் படிந்த மண், இப்போது ஆற்றுக்குள்ளேயே படியத் தொடங்கியது. அதோடு, ஓதநீர் பரவிய பரப்பு சுருங்கிவிட்டதால், ஓதம் இறங்கும்போது ஆற்றின் வழியே திரும்பியோடும் நீரின் அளவும் வேகமும் குறைந்து, படிந்த மண்ணை அரித்துச் செல்லும் வலிமையை ஆறு இழந்தது. விளைவாக ஆற்றுப்படுகை தூர்ந்து உயர, கரைக்குள்ளிருந்த நிலம் புதிய மண் கிடைக்காமல் தாழ, சில இடங்களில் ஆற்றின் அடிமட்டமே வயலைவிட உயரமானது. மதகின் வெளிப்புறம் சேறு மேடேறியதால் கதவைத் திறந்தாலும் நீர் வடியவில்லை. குல்னா, ஜெஸ்ஸோர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்களில் 1980-களில் மழைநீர் ஆண்டு முழுவதும் தேங்கி நின்றது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரையே வெள்ளத்தைச் சிறைப்பிடித்து வைத்தது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, 32-ஆம் எண் போல்டரின் நிலம், அருகிலேயே கரையின்றி இயற்கையாக விடப்பட்ட சுந்தரவனக் காட்டைவிட ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை தாழ்ந்துவிட்டதை அளந்து காட்டியது. 2009-இல் அய்லா புயல் அதன் கரையை உடைத்தபோது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓதநீர் உள்ளே வந்துபோனது. மக்கள் பட்ட துயரம் சொல்லி முடியாதது. ஆயினும் அந்தக் குறுகிய காலத்தில் பல பத்தாண்டுகளுக்கு ஈடான வண்டல் அங்கே படிந்தது.

இந்த உண்மையை அளவுக்கருவிகள் காட்டுவதற்கு முன்பே அப்பகுதி உழவர்கள் உணர்ந்திருந்தனர். 1990-இல் டாகாதியா பில்லைச் சூழ்ந்திருந்த கரையை மக்கள் கூடி வெட்டித் திறந்தனர். பில் என்பது ஆண்டின் பெரும்பகுதி நீர் நிற்கும் தாழ்நிலம். 1997-இல் ஹரி ஆற்றங்கரையிலுள்ள பாய்னா பில்லிலும் அவ்வாறே கரை வெட்டப்பட்டது. ஓதம் ஏறும்போது சேற்றுநீர் வெட்டுவாய் வழியே பில்லுக்குள் நுழைந்து, வேகம் தணிந்து, மண்ணைப் படியவிட்டது. ஓதம் இறங்கும்போது தெளிந்த நீர் விசையோடு வெளியேறி ஆற்றின் தூரை அரித்துக்கொண்டு போனது. நான்கு ஆண்டுகளுக்குள் வெட்டுவாயை ஒட்டிய நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது, ஆறும் ஆழமானது. பொறியாளர்கள் இம்முறையை ஓத ஆற்று மேலாண்மை என்ற பெயரில் ஏற்று, ஒரு பில் நிரம்பியபின் அடுத்த பில் என்று சுழற்சி முறையில் செயற்படுத்த முனைந்தனர். அதன் குறைகளையும் மறைக்கலாகாது: நீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில் நில உடைமையாளர் விளைச்சலை இழக்கிறார், அவருக்கான இழப்பீடு தாமதமாகிறது, குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும் கூலியாளுக்கும் பெரும்பாலும் ஒன்றுமே கிடைப்பதில்லை. வண்டலின் அறிவியல் தெளிவாக இருந்தும் திட்டம் பல இடங்களில் தடைப்பட்டதற்கு இந்த அநீதியே காரணம்.

மூன்று வெள்ளங்கள், மூன்று முடிவுகள்

1974, 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்த ஆற்றுவெள்ளங்களை ஒப்பிட்டால், நீரின் அளவுக்கும் துயரத்தின் அளவுக்கும் நேர்த் தொடர்பில்லை என்பது விளங்கும். 1974-இல் பிரம்மபுத்திரா ஜூன் முதல் பலமுறை கரைபுரண்டது; அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் அரசுக் கணக்கின்படி 26,000 பேர் இறந்தனர்; உண்மை எண்ணிக்கை பல லட்சம் என்று மற்ற மதிப்பீடுகள் கூறுகின்றன. இப்பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலாளர் அமர்த்தியா சென், 1971 முதல் 1975 வரையிலான ஆண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட உணவு தானிய இருப்பு 1974-இல்தான் மிக அதிகமாக இருந்தது என்று காட்டினார். வெள்ளம் நடவுப்பணியை நிறுத்தியதால் நிலமற்ற கூலியாளர் வேலை இழந்தனர். விளைச்சல் குறையும் என்ற அச்சமும் பதுக்கலும் அரிசி விலையைச் சில மாதங்களுக்குள் விண்ணுக்கு ஏற்றின. வெள்ளத்தால் குறைந்த, ஆமன் எனப்படும் மழைக்கால நெல் சந்தைக்கு வருவதற்கு முன்பே பஞ்சம் தன் உச்சத்தைக் கடந்துவிட்டது. அதே ஆண்டில், கியூபாவுக்குச் சணல் பைகள் விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவு உதவியைத் தாமதித்தது. மக்கள் இறந்தது அரிசி இல்லாததால் அன்று, அரிசியை வாங்கும் வழியற்றதால்.

1988-இல் ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக, ஒரு வார இடைவெளிக்குள் பிரம்மபுத்திராவும் கங்கையும் உச்சத்தை எட்டின; நாட்டின் ஏறத்தாழ 61 விழுக்காடு மூழ்கியது. உலகத்தின் கவனம் திரும்பியது. 1989-இல் கூடிய ஜி-7 நாடுகளின் ஆதரவோடு, உலக வங்கியின் ஒருங்கிணைப்பில் வெள்ளச் செயல் திட்டம் தொடங்கியது. பேராறுகளின் இருபுறமும் நெடுங்கரைகள் எழுப்பலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டபோது, மீன்கள் இனப்பெருக்கத்துக்கு வெள்ளச் சமவெளியையே நம்பியிருக்கின்றன, ஏழைகளின் புரத உணவு அந்த மீன்களே, இடம் மாறும் ஆறு கரைகளை அரித்துவிடும் என்ற எதிர்வாதங்கள் நாட்டுக்குள்ளிருந்தே வலுவாக எழுந்தன. பெருங்கரைத் திட்டம் கைவிடப்பட்டது.

1998 வெள்ளம் அதைவிடப் பெரிது. ஜமுனாவில் நொடிக்கு ஏறத்தாழ 1 லட்சம் கன மீட்டர் நீர் ஓடியது. செப்டம்பரில் இரு ஆறுகளின் உச்சமும் பௌர்ணமிப் பேரோதமும் சேர்ந்துகொள்ள, நாட்டின் 68 விழுக்காடு வரை மூழ்கி, வெள்ளம் இரண்டு மாதங்களுக்கு மேல் நின்றது. 20 லட்சம் டன்னுக்கு மேல் நெல் விளைச்சல் அழிந்தது. ஆயினும் பஞ்சம் வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் தானிய இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டிருந்ததால் வணிகர்கள் இந்தியாவிலிருந்து அரிசியைக் கொண்டுவந்தனர், விலை கட்டுக்குள் நின்றது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு அட்டை வழங்கி அரிசி கொடுத்தது. குழாய்க் கிணறுகளால் கோடையில் விளையும் போரோ நெல் அடுத்த பருவத்திலேயே பெருகி இழப்பை ஈடுகட்டியது. வெள்ளத்துக்குப் பின் எப்போதும் வரும் வயிற்றுப்போக்கும் முன்போல் கொல்லவில்லை. 1968-இல் டாக்காவின் காலரா ஆய்வகத்தில் சோதித்து நிறுவப்பட்ட உப்பு-சர்க்கரைக் கரைசல் மருத்துவத்தை, 1980 முதல் பிராக் என்னும் தொண்டு அமைப்பின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கற்பித்திருந்தனர்: மூன்று விரல் நுனியில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர். இந்த அளவைத் தாய்மார்கள் மனப்பாடமாக அறிந்திருந்ததால், மருத்துவமனைக்குப் போகும் பாதையெல்லாம் நீரில் மூழ்கியிருந்தபோதும் மருந்து அடுப்படியிலேயே இருந்தது.

வரவிருக்கும் வெள்ளங்கள்

1972-இல் தொடங்கப்பட்ட வெள்ள முன்னறிவிப்பு எச்சரிக்கை மையம் இன்று ஐந்து நாள்களுக்கு முன்பே ஆற்று நீர்மட்டத்தைக் கணித்துச் சொல்கிறது. ஐந்து நாள் என்பது விளைந்த நெல்லை அறுக்கவும், கால்நடையை மேட்டுக்குக் கொண்டுபோகவும், குடிநீர்க் குழாயின் வாயை உயர்த்தவும் போதுமான காலம். ஆனால் நீர்ப்பிடிப்புப் பரப்பின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் இருப்பதால், ஆற்றின் மேல்புற நாடுகள் தரும் மழை, நீர்மட்டத் தரவுகளின்றி இந்த முன்னறிவிப்பு துல்லியமடையாது. வங்கதேசத்துக்குள் நுழையும் ஆறுகளில் 54 இந்தியாவோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை; நீர்ப் பங்கீடு குறித்து 1996-இல் கங்கைக்கு மட்டுமே நீண்டகால உடன்பாடு ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் ஃபெனி, கொமில்லா, நவகாளி மாவட்டங்களை, வெள்ளத்துக்குப் பழகாத பகுதிகளையும் சேர்த்து, திரிபுராவிலிருந்து இறங்கிய நீர் மூழ்கடித்து ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்தபோது, எல்லை தாண்டிய எச்சரிக்கையின் போதாமை மீண்டும் விவாதமானது.

வெப்பமடையும் காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்குவதால் கனமழை மேலும் கடுமையாகும் என்பதும், கடல் மட்டம் உயர உயர ஆறுகள் வடிவது மேலும் தாமதமாகும் என்பதும் இயற்பியலின் நேரான விளைவுகள். 2018-இல் ஏற்கப்பட்ட டெல்டா திட்டம் 2100, நூறாண்டு நோக்கில் நீரையும் நிலத்தையும் ஒன்றாகத் திட்டமிட முயல்கிறது. அதன் வெற்றி, கரைகளை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைவிட, வண்டல் நிலத்தை அடைய எங்கெங்கே வழிவிடுகிறது, அவ்வாறு வழிவிடும்போது வயலை இழப்பவருக்கு எவ்வளவு நேர்மையாக ஈடுசெய்கிறது என்பவற்றையே பொறுத்தது. கழிமுகத்துக்கு வரும் வண்டல் மேல்புற நாடுகளின் அணைகளில் தங்கிவிடாமல் இருக்க வேண்டும் என்பதும் அதனோடு பிணைந்த கேள்வி.

வங்கதேசத்தின் வெள்ள வரலாறு சுட்டிக்காட்டும் முடிவு இதுவே: அந்நாட்டின் உயிர்களைக் காத்தவை ஒலிபெருக்கி ஏந்திய தன்னார்வலர், மாடும் ஏறத்தக்க மேடு, தடையின்றி நகர்ந்த அரிசி, தாய்மார் கற்ற உப்புக்கரைசல், நேரத்தில் கிடைத்த எச்சரிக்கை ஆகியவை. நீரை முற்றிலும் வெளியே நிறுத்திவிடலாம் என்று நம்பிய கரைகளோ, ஒரு தலைமுறைக்கு விளைச்சலைத் தந்து, அடுத்த தலைமுறைக்குத் தாழ்ந்த நிலத்தை விட்டுச்சென்றன. கரைகளே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. நகரங்களுக்கும் தீவுகளுக்கும் அவை தேவை. ஆனால் வெள்ளம் கட்டிய நிலத்தில் வாழும் மக்களுக்கு, வெள்ளத்தின் மண்ணை ஏற்றுக்கொண்டு அதன் கொடுமையை மட்டும் விலக்கும் ஏற்பாடுகளே நிலைத்த பாதுகாப்பு. அவற்றுக்கான அறிவு அந்நாட்டின் உழவரிடமும் ஆய்வாளரிடமும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, அதைச் செயலாக்கும் பொறுப்பு ஆற்றின் மேல்புறத்திலுள்ள நாடுகளுக்கும் உண்டு.